மறதி நோய் வந்த பெரியவருக்கு யாரை வைப்பது: ஊர்ப் பெண்ணா, ஏஜென்சி ஆளா, நர்ஸா, முதியோர் இல்லமா?

வீட்டுப் பெரியவருக்கு டிமென்ஷியா என்று உறுதியானதும் ஆள் தேடும் குடும்பங்கள் முதலில் கேட்பது, மாதம் எவ்வளவு ஆகும் என்பதைத்தான். ஏஜென்சிக்குப் போன் போட்டால் அவர்களும் "12 மணி நேரமா, 24 மணி நேரமா?" என்றுதான் தொடங்குவார்கள். இரண்டுக்கும் பதில் சொல்ல, பெரியவரின் ஒரு முழு நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் ஆள் வைத்தால் பகலில் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இரவில் மருமகள் ஒருத்தி விழித்துக்கொண்டிருப்பாள்.

ஆகவே ஆள் தேடும் முன் ஏழு நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். மணி, என்ன நடந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரத்தில் அடங்கியது. இவ்வளவுதான். உதாரணமாக:

"பொழுதோட 5.30. சாளைக்குப் (தோட்டத்து வீட்டுக்கு) போகோணும்னு கேட்டைப் பிடிச்சு ஆட்டினாங்க. அதுக்கு முன்னால ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்து சத்தமாப் பேசிட்டுப் போனாங்க. 40 நிமிசம்."

"ராத்திரி 1.15. எந்திரிச்சு சமையல்கட்டுக்குப் போனாங்க. ஒண்ணுக்குப் போக இடம் தெரியலை. 10 நிமிசம்."

வாரக் கடைசியில் நோட்டிலிருந்து மூன்று எண்களை எடுங்கள். இரவு 10 முதல் காலை 5 வரை சராசரியாக எத்தனை தடவை எழுகிறார்? தூக்கவோ தாங்கவோ இரண்டு பேர் தேவைப்பட்டது எத்தனை தடவை? வீட்டை விட்டு வெளியே போகப் பார்த்தது எத்தனை தடவை? எந்த வகை ஆள் என்பதை இந்த மூன்றும் ஏறக்குறைய முடிவு செய்துவிடும். அவற்றிலும் கனமானது முதல் எண்.

இரவுக்கு ஆள் வைக்கும் முன்

எழுப்புவது எது என்று பாருங்கள். பல வீடுகளில் அது நோயே அல்ல. பிரஷருக்கோ கால் வீக்கத்துக்கோ கொடுக்கும் நீர் மாத்திரையை இரவில் கொடுத்தால் இரண்டு மணிக்கொரு தடவை எழத்தான் செய்வார். காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். டோனெபெசில் மாத்திரை சிலருக்குக் கெட்ட கனவைத் தரும். அதையும் பெரும்பாலும் காலைக்கு மாற்ற முடியும். மூன்று நான்கு நாள் மலம் போகாமல் இருந்தால் உட்கார முடியாமல் அலைவார், காரணம் சொல்லத் தெரியாது. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் அவில் போன்ற மாத்திரைகள் டிமென்ஷியா உள்ளவருக்குக் குழப்பத்தைக் கூட்டும். பகலில் மூன்று மணி நேரம் தூங்க விட்டால் இரவில் தூக்கம் வராது. படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ஒரு சின்ன இரவு விளக்கு எரிந்தாலே எழுந்து தேடி அலைவது குறைந்துவிடும்.

இன்னொன்று. ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால், அல்லது எப்போதும் இல்லாத மயக்கம் வந்தால், அதை நோய் முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் குறைவது, சோடியம் குறைவது, நெஞ்சுச் சளி இவையெல்லாம் வயதானவர்களிடம் காய்ச்சல் இல்லாமலேகூட இப்படித்தான் தலைகாட்டும். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டியது இது. ஆள் வைத்துத் தீராது.

குடும்பமே பார்ப்பது, ஆனால் முறை மாற்றி

ஆரம்ப நிலையில் இதுவே போதும். மருந்தை எடுத்துக் கொடுப்பது, பணத்தைக் கவனிப்பது, துணைக்கு இருப்பது, அவ்வளவுதான் தேவைப்படும். ஆனால் நம் பக்கம் பிள்ளைகள் "ஆளுக்கு ஒரு மாசம்" என்று பெரியவரை வீடு மாற்றி வைக்கும் வழக்கத்தை டிமென்ஷியா வந்த பிறகு நிறுத்திவிட வேண்டும். கழிப்பறை எந்தப் பக்கம், சாமி படம் எங்கே, எந்தக் கதவு வாசலுக்குப் போகிறது என்பதெல்லாம் பழக்கத்தால்தான் அவருக்குத் தெரிகிறது. புது வீட்டில் அதைக் கற்றுக்கொள்ளும் திறன் போய்விட்டது. ஒவ்வொரு மாதமும் முதல் சில நாள் அலைச்சலும் விழுவதும் அதிகமாவது இதனால்தான். அம்மா ஒரே வீட்டில் இருக்கட்டும். முறை மாற வேண்டியது பிள்ளைகள்: ஒருவர் சனி ஞாயிறு வந்து தங்குவது, ஒருவர் ஆள் சம்பளம் கொடுப்பது, ஒருவர் ஆஸ்பத்திரி வேலையைப் பார்ப்பது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் உட்கார்ந்து இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் சுமையெல்லாம், கூடவே இருக்கும் பெண் மேல்தான் வந்து விழும்.

அரசு வழியில் கிடைப்பதையும் விடாதீர்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவருக்கு பிசியோதெரபியும் வலி நிவாரணக் கவனிப்பும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் ஆளை அது தராது.

ஊர்ப் பெண்

நடுநிலையில் எங்கள் முதல் தேர்வு இதுதான். பெரியவர் நடக்கிறார், சாப்பிடுகிறார், ஆனால் தனியாக விட முடியாது. குளிக்கவும் உடுத்தவும் உதவி வேண்டும். இந்த நிலையில் சான்றிதழை விடப் பெரிய தகுதி, தினமும் அதே முகம் வருவது. இரண்டாவது தகுதி பேச்சு. ஊர்க்காரப் பெண்ணுக்கு அந்த வீட்டின் பழைய கதை தெரியும்.

மாலையில் ஆத்தா "சாளைக்குப் போகோணும், மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்" என்று கிளம்புகிறார். "மாடெல்லாம் வித்துப் பத்து வருசமாச்சு" என்று திருத்தினால் சண்டைதான் வரும். பல நேரம் அழுகையும் வரும். வீட்டை அறிந்த பெண் இப்படிச் சொல்வாள்: "தண்ணி காட்டியாச்சுங்காத்தா. செவலைக் கன்னுக்குட்டி எப்படி இருந்துச்சுங்க?" கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே வாசலில் இரண்டு சுற்று நடந்து உள்ளே கூட்டி வந்துவிடலாம். இதை ஏஜென்சி ஆளும் கற்றுக்கொள்ள முடியும், ஆனால் செவலைக் கன்றுக்குட்டி யார் என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஊர்ப் பெண்ணிடம் உள்ள குறை இரண்டு. ஒன்று, அவளுக்குப் பயிற்சி கிடையாது. தாங்கிப் பிடிக்க அக்குளில் கை கொடுத்துத் தூக்குவாள். அது பெரியவரின் தோளையும் அவள் முதுகையும் கெடுக்கும். ஒரு பிசியோதெரபிஸ்டை இரண்டு மணி நேரம் வரவழைத்து, இடுப்பில் அகலத் துணிப்பட்டை கட்டி எழுப்புவதையும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதையும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள். இரண்டு, மாற்றுக்கு ஆள் இல்லை. கோயில் நோம்பி (திருவிழா), வீட்டில் கல்யாணம், எழவு என்றால் வரமாட்டாள். வரச் சொல்லவும் கூடாது. தெரிந்த இன்னொரு பெண்ணுக்கு மாதம் இரண்டு நாள் கூலி கொடுத்து வரச் செய்து பழக்கி வைத்தால் அந்த நாட்களைச் சமாளிக்கலாம். திருப்பூர், அவிநாசி சுற்று வட்டாரத்தில் பனியன் கம்பெனி கொடுக்கும் கூலியைவிடக் குறைத்துக் கொடுத்தால் ஆள் நிற்காது. அந்தக் கூலியோடு வாரம் ஒரு நாள் லீவும் கொடுங்கள்.

ஏஜென்சி: 12 மணி நேரமும் 24 மணி நேரமும்

12 மணி நேர ஆள் நகரத்துக்கு ஏற்றது. காலை 8, இரவு 8 என்று மாறும் இடத்தில் பஸ் இருக்க வேண்டும். பஸ் நிறுத்தத்திலிருந்து 3 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் தோட்டத்து வீட்டுக்கு இரவு 8 மணி ஷிப்டுக்கு வர எந்தப் பெண்ணும் ஒப்புக்கொள்ள மாட்டாள். நீங்கள் வண்டியில் கூட்டிவந்து கொண்டுவிடுவதாக இருந்தால் மட்டுமே நடக்கும். அங்கே தங்கும் ஆளோ ஊர்ப் பெண்ணோதான் வழி.

24 மணி நேர ஆள் என்று ஏஜென்சி சொல்வது, ஒரு ஆள் உங்கள் வீட்டில் தங்குவதை. அவரும் தூங்கத்தான் வேண்டும். உங்கள் நோட்டில் இரவு எழுவது ஒன்று அல்லது இரண்டு என்றால் தங்கும் ஆளால் தாக்குப்பிடிக்க முடியும். மூன்றுக்கு மேல் போனால் சில வாரங்களில் அவர் சொல்லாமல் கிளம்பிவிடுவார், அல்லது பகலில் தூங்குவார், அல்லது பெரியவருக்குத் தூக்க மாத்திரை கொடுக்கத் தொடங்குவார். கடைசியது நடக்கிறது, அதனால் மாத்திரை அட்டையை வாரம் ஒருமுறை நீங்களே எண்ணுங்கள். இரவு மூன்றுக்கு மேல் என்றால் இரவு 8 முதல் காலை 8 வரை விழித்திருக்கும் ஆளை மட்டும் வைத்து, பகலைக் குடும்பமும் ஊர்ப் பெண்ணும் பிரித்துக்கொள்வதே சரியான ஏற்பாடு. 24 மணி நேர ஆளை விடச் செலவு கொஞ்சம் கூடலாம், ஆனால் அது நிலைக்கும்.

தங்கும் ஆளுக்குக் கதவு சாத்தும் இடம், மதியம் இரண்டு மணி நேர ஓய்வு, வாரம் ஒரு நாள் லீவு இம்மூன்றும் வேண்டும். ஓய்வு நேரத்தில் யார் பார்ப்பது என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். வீட்டுச் சமையலையும் பாத்திரத்தையும் அவர் தலையில் கட்டினால் பெரியவர் தனியாக விடப்படுகிறார் என்று அர்த்தம்.

வட மாநிலத்திலிருந்து வரும் ஆட்கள் பலர் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் பேச்சு புரியாவிட்டால் நடுநிலையில் கஷ்டம். டிமென்ஷியாவில் பலருக்குப் பிற்பாடு கற்ற மொழி முதலில் தேயும். சிறு வயதுப் பேச்சு கடைசி வரை ஒட்டியிருக்கும். கோவைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்த பெரியவர்கள், அறுபது வருடம் தமிழில் வியாபாரம் செய்திருந்தாலும், நோய் கூடும்போது அந்தப் பேச்சுக்கே திரும்பிவிடுவதுண்டு. அப்படிப்பட்ட வீட்டுக்கு அந்த மொழி தெரிந்த ஆளைக் கேட்டு வாங்குங்கள். படுத்த படுக்கையாகி, பேச்சு நின்றுபோன நிலையில் மொழி அவ்வளவு பெரிய தடையல்ல, கைப்பக்குவமே முக்கியம்.

ஏஜென்சியிடம் விலைக்கு முன் இவற்றைக் கேளுங்கள். ஆள் நின்றுவிட்டால் எத்தனை மணி நேரத்தில் மாற்று ஆள் வரும், அந்த நாட்களுக்குப் பணம் உண்டா? நான் கொடுப்பதில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது? இவர் இதற்கு முன் டிமென்ஷியா உள்ளவரைப் பார்த்திருக்கிறாரா, அந்தக் குடும்பத்தோடு பேச முடியுமா? போலீஸ் சரிபார்ப்பு, ஆதார் நகல் தருவீர்களா? மேற்பார்வையாளர் மாதம் எத்தனை தடவை நேரில் வருவார்? இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் அந்த ஆள் நீடிக்க மாட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கையும் முழுதாகப் போடுங்கள். நாளுக்கு 900 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 30 நாளுக்கு 27,000. அதன் மேல் பதிவுக் கட்டணம், முன்பணம் (திரும்பி வருமா?), வரி உண்டா, நோம்பி நாட்களுக்கு இரட்டைக் கூலியா, தங்கும் ஆளின் சாப்பாடு. டயப்பர் தேவைப்பட்டால் நாளுக்கு 3 அல்லது 4; மாதம் 90 முதல் 120 வரை போகும், பத்து கொண்ட பாக்கெட் 9 முதல் 12. ஒரு வருடத்துக்குக் கூட்டிப் பார்த்துவிட்டு, இதே செலவை ஐந்து வருடம் தாங்க முடியுமா என்று யோசியுங்கள். இந்த நோய் பல வருடம் நீளும். முதல் வருடத்திலேயே கையிருப்பைக் கரைத்துவிட்டால், செலவு உண்மையிலேயே தேவைப்படும் கடைசிக் கட்டத்தில் தவிப்பீர்கள்.

பணத்தோடு சேர்ந்த இன்னொரு வேலை: அப்பாவின் கணக்கிலிருந்துதான் செலவு என்றால், அவருக்குப் புரிந்து கையெழுத்துப் போடும் திறன் இருக்கும்போதே கணக்கைக் கூட்டுக் கணக்காக்குங்கள். பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும். அதன் பிறகு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

நர்ஸ் எப்போது

வெள்ளைக் கோட்டு போட்டு வருபவர்களை எல்லாம் ஹோம் நர்ஸ் என்றே அழைக்கிறோம். ஆனால் ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமா) அல்லது பிஎஸ்சி நர்சிங் படித்து, தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெற்றவர் வேறு. சில வாரப் பயிற்சி பெற்ற உதவியாளர் வேறு. புண்ணுக்குக் கட்டு, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, ஊசி, மூக்கு வழி உணவுக் குழாய் போடுவது இவற்றுக்குப் பதிவு பெற்ற நர்ஸ்தான் வேண்டும். அவரை 12 மணி நேரம் உட்கார வைப்பது வீண். வாரம் இரண்டு தடவை வந்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகச் சொல்லி, மீதியை உதவியாளர் செய்தால் போதும்.

மூக்குக் குழாய் பற்றி மருத்துவரிடம் நிதானமாகப் பேசுங்கள். முற்றிய டிமென்ஷியாவில் அது ஆயுளை நீட்டும் என்பதற்கோ நிமோனியாவைத் தடுக்கும் என்பதற்கோ சான்று இல்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே முதியோர் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். நேராக உட்கார வைத்து, தாடையைச் சற்றுக் கீழே தாழ்த்தி, ஒரு சின்னக் கரண்டி கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். தண்ணீர், ரசம் குடிக்கும்போது இருமினால் ராகிக் கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியாக்கிக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். குழைய வேகவைத்த அரிசிம்பருப்புச் சாதம் நன்றாக இறங்கும். முறுக்கும் கடலையும் கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும்.

இல்லம்

எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ளும் மனைவியோ கணவரோ நோயாளியாகிவிட்டார், பிள்ளைகள் எல்லோரும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள்: இந்த நிலைகளில் இல்லத்தில் விடுவது கைகழுவுவது ஆகாது. ஊரார் பேச்சுக்குப் பயந்து தள்ளிப்போட்டு, தனியாக இருக்கும் அப்பாவை ஏஜென்சி ஆளிடம் மேற்பார்வை இல்லாமல் விடுவதுதான் ஆபத்து. முன்கூட்டிச் சொல்லாமல் மாலை 7 மணிக்குப் போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் எத்தனை பேருக்கு எத்தனை ஆட்கள் இருக்கிறார்கள், யாரையாவது கட்டிப்போட்டிருக்கிறார்களா, எல்லோரும் அசந்து தூங்குகிறார்களா என்பது தெரிந்துவிடும். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். படுக்கையானால் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஆள் வருவதற்கு முந்தின நாள்

தோடு, வளையல், சங்கிலி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, பட்டியல் போட்டு லாக்கருக்கு மாற்றுங்கள். "எம்பட நகையை எடுத்துட்டா" என்று பழி சொல்வது இந்த நோயின் சாதாரணக் குறி. வைத்த இடம் மறந்துபோய், காணவில்லை என்றதும் பக்கத்தில் இருப்பவர் மேல் சந்தேகம் வருகிறது. நல்ல ஆட்கள் வேலையை விட்டுப் போவதற்கு இது பெரிய காரணம். இப்படிச் சொல்வார், நாங்கள் நம்ப மாட்டோம் என்று அந்தப் பெண்ணிடம் முதல் நாளே சொல்லுங்கள். ஆத்தாவின் இடுப்பில் ஒரு சுருக்குப்பை, அதில் கொஞ்சம் சில்லறை. அது காணாமல் போனால் கொடுக்க, அதே மாதிரி இன்னொரு பை அலமாரியில் இருக்கட்டும்.

தோட்டத்து வீடு என்றால் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றைச் சுற்றிக் கம்பிவேலி, தண்ணீர்த் தொட்டிக்கும் சம்ப்புக்கும் மூடி, பூச்சிமருந்துக்கும் களைக்கொல்லிக்கும் பூட்டு, இரவில் கேஸ் ரெகுலேட்டர் ஆஃப். தாழ்ப்பாளைக் கண்மட்டத்துக்கு மேலே மாற்றினால் பலர் அதைத் தேடுவதில்லை. துணைக்கு ஆள் இல்லாமல் பெரியவரை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவது மட்டும் கூடவே கூடாது. பெரியவர் காணாமல் போனால் முதலில் கிணறும் வாய்க்காலும். அதே நேரத்தில் இன்னொருவர் 112-க்குப் போன் போட வேண்டும். 24 மணி நேரம் காத்திருக்கச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

மூன்று நாள் ஒத்திகை

ஆளை உறுதி செய்யும் முன் மூன்று நாள் வேலை பார்க்கச் சொல்லி, குளியலைப் பாருங்கள். வேலை தெரிந்தவர் பத்து மணிக்கு, வெயில் ஏறிய பிறகு தொடங்குவார். கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி, அடியில் வழுக்காத விரிப்பு, தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்ப்பது. மார்பில் ஒரு துண்டைப் போர்த்தி, "காலுக்கு ஊத்தறனுங்க" என்று சொல்லிவிட்டுப் பாதத்திலிருந்து மேலே வருவார், தலை கடைசி. எண்ணெய்க் குளியல் என்றால் நாற்காலியில் உட்கார வைத்தே தேய்த்து, எழுப்பும் முன் உள்ளங்காலைத் துடைப்பார். பெரியவர் மறுத்தால் விட்டுவிட்டு அரை மணி கழித்து வருவார். வேலை தெரியாதவர் தலையில் ஒரு குவளை ஊற்றித் தொடங்குவார். பெரியவர் கையை ஓங்குவார். "அடிக்கிறாருங்க" என்று உங்களிடம் புகார் வரும்.

படுக்கையில் இருப்பவருக்கு இரண்டு மணிக்கொரு தடவை பக்கம் மாற்றுவதையும், ஒவ்வொரு தடவையும் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பார்ப்பதையும் கவனியுங்கள். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு தெரிந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. காற்று மெத்தை உதவும், ஆனால் அது இருப்பதால் திருப்பாமல் விடக்கூடாது.

ஏற்பாட்டை எப்போது மாற்றுவது

மாதம் ஒருமுறை எடை பாருங்கள். காரணம் தெரியாமல் எடை குறைவது, மேற்கையில் விரல் பதிந்த மாதிரி காயம், ஆள் கிட்டே வந்ததும் பெரியவர் ஒடுங்குவது, பகலெல்லாம் தூக்கம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே ஏஜென்சியோடு பேசுங்கள். கொடுமை என்று சந்தேகம் இருந்தால் முதியோர் உதவி எண் 14567.

நல்லபடியாகப் போகும் ஆளாக இருந்தால், போகும் முன் புது ஆளோடு இரண்டு நாள் சேர்ந்து வேலை செய்யக் கூடுதல் கூலி கொடுத்து நிறுத்துங்கள். எந்தப் பேச்சுக்குச் சிரிப்பார், எந்தக் கையால் டம்ளரைப் பிடிப்பார், மாத்திரையை எதில் வைத்துக் கொடுத்தால் விழுங்குவார் என்பதை அந்த இரண்டு நாளில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வாங்கிவிடலாம்.